ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் எடிட்டிங் பிசி ஒண்டு பூட்டவேணும், பட்ஜெட் 275,000 ரூபா, ஆராவது வழி சொல்லுங்கோ

கொக்குவில்பெடி
வணக்கம் எல்லாருக்கும். நான் கலியாணவீடு சாமத்தியவீடு பேர்த்டே எண்டு வீடியோ எடிட் பண்ணிக் குடுக்கிறனான், ரெண்டு மூண்டு ஸ்ரூடியோக்காரர் வேலை தாறவை. இப்ப வச்சிருக்கிறது 4ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 2 ஜிபி கிராபிக்ஸ் காட் ஒண்டு. 4கே கிளிப்பை ரைம்லைனில போட்டா சத்தம் மட்டும் போகுது படம் நிண்டிடும், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே போறார், மாப்பிள்ளை தாலியைப் பிடிச்சபடி அப்பிடியே உறைஞ்சு நிக்கிறார். 12 நிமிச ஹைலைற் ஒண்டு றெண்டர் போட மூண்டரை மணித்தியாலம். ஆடி முடிஞ்சா வேலை குவியும், அதுக்கு முதல் புதுசா பூட்டவேணும். இரவில கொஞ்சம் வலோரன்ட், ஜிடிஏ 5 விளையாடுவன், பெரிசா ஒண்டும் இல்லை. மொனிற்றர் கீபோட் எல்லாம் இருக்கு, பெட்டி மட்டும் தான்.

ரவுணில ஒரு கடையில கேட்டன், குவட்டேசன் தந்தவை:
ரைசன் 5 5500, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, 16 ஜிபி ராம் ஒரே குச்சி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட்டிஸ்க், கண்ணாடிக் கேசிங் 4 ஆர்ஜிபி பானோட, 600 வாட் பவர் சப்ளை கேசிங்கோட ப்றீயாம். எல்லாம் சேர்த்து 248,000. எடுக்கலாமோ?

ஒடியல்கூழ்
நாலு ஆர்ஜிபி பான் எண்டால் எடு தம்பி, நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டிலயே பாக்கலாம். பகிடி விட்டுச் சொல்லுறன், ப்றீயாத் தாற பவர் சப்ளை எண்டதைக் கண்டவுடன எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. 600 வாட் எண்டு ஸ்ரிக்கர்ல ஆரும் அடிக்கலாம் தானே.

சிவப்புக்கட்சி
ஏஎம்டி ரைசன் தான் சரி, ஆனா 5500 வேண்டாம், 5600 எடு. ரெண்டும் 6 கோர் 12 த்ரெட் தான் ஆனா 5500க்கு எல்3 காஷ் (சிப்புக்குள்ள இருக்கிற வேகமான சின்ன மெமரி) 16 எம்பி, 5600க்கு 32, கேமில வித்தியாசம் தெரியும். அதுக்குப் பூட்டுற ஏஎம்4 மதர்போட் மலிவு, டிடிஆர்4 ராம் மலிவு, 65 வாட் சிப், குளிரா ஓடும். அதோட 1650ஐத் தூக்கி எறிஞ்சு ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி போடு. பட்ஜெட்டுக்குள்ள வரும், கதை முடிஞ்சுது.

றெண்டர்ராசா
கதை முடியேல்ல, இன்னும் தொடங்கவே இல்லை. தம்பி, முதல் ஒரு கேள்வி, அதைக் கடைக்காரரும் கேக்கேல்ல இஞ்சயும் ஒருத்தரும் கேக்கேல்ல. கமரா என்ன? ஸ்ரூடியோக்காரர் தாற பைல் என்ன கொடெக், அதாவது வீடியோவை எந்த முறையில சுருக்கி எழுதியிருக்கு? 8 பிற்றோ 10 பிற்றோ, 4:2:0வோ 4:2:2வோ? உதைச் சொல்லாம சிபியூ காட் எண்டு கதைக்கிறது கால் அளவு பாக்காம செருப்பு வாங்கிறது மாதிரி.

கொக்குவில்பெடி
அண்ணை 4:2:2 எண்டா என்னெண்டே எனக்கு வடிவாத் தெரியாது. என்ர பக்கம் சொனி ஏ7 மார்க் 3, அதில 4கே 100 எம்பிபிஎஸ்ல எடுக்கிறம். செக்கன்ட் கமராக்காரன் கனன் ஆர்6 வச்சிருக்கிறான், அவன்ர பைல் தான் என்ர மெசினில அசையவே அசையாது. சொனி பைல் கஷ்டப்பட்டாவது ஓடும்.

றெண்டர்ராசா
அப்ப விசயம் பிடிபட்டுது. கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுமையா வாசி.

எச்264, எச்265 எண்டது வீடியோவைச் சுருக்கிற முறை, பிற்றும் 4:2:2 மாதிரி நம்பரும் நிறத்தை எவ்வளவு விபரமா எழுதுது எண்டது. ஏ7 மார்க் 3 உள்ளுக்க எழுதுறது எச்264, 8 பிற், 4:2:0. இதை டிகோட் பண்ண, அதாவது சுருக்கினதைத் திருப்பி விரிக்க, இப்ப வாற எந்தக் காட்டிலயும் ஹார்ட்வெயர் இருக்கு, என்விடியா ஏஎம்டி இன்டெல் எல்லாம் ஒண்டு தான். ஆர்6ல உன்ர சிநேகிதன் கனன் லொக் (வெளிச்சமும் இருட்டும் ரெண்டும் விபரத்தோட வர மங்கலா எடுக்கிற முறை) போட்டு எடுக்கிறான் எண்டு நினைக்கிறன். லொக் போட்டா அந்தக் கமரா எச்265, 10 பிற், 4:2:2க்கு மாறிடும், லொக் எடுத்துவிட்டா திரும்ப எச்264 8 பிற்றுக்கு வந்திடும். நிறத் தகவல் கூட இருக்கிறதால கிறேடிங்குக்கு (நிறம் திருத்திறதுக்கு) அது நல்லது. ஆனா அந்த 10 பிற் 4:2:2 எச்265ஐ ஆர்டிஎக்ஸ் 30, 40 காட்டுகளால ஹார்ட்வெயரில விரிக்க ஏலாது. சிவப்புக்கட்சி சொன்ன 6600ஆலயும் ஏலாது. அப்ப முழுச் சுமையும் சிபியூ தலையில. அதாலதான் கனபேர் ஒண்டரை இலட்சத்துக்கு காட் வேண்டிப் பூட்டிப்போட்டு "அண்ணை இன்னும் இழுக்குது" எண்டு வாறவை.

இன்டெல் சிப்புக்குள்ள இருக்கிற சின்ன கிராபிக்ஸ், அதிண்ட குயிக் சிங்க் எண்ட பகுதி, அந்த 4:2:2 எச்265ஐ விரிக்கும். டெஸ்க்ரொப்பில 11ஆம் தலைமுறையில இருந்து. ஆகவே உனக்கு வேண்டியது 12ஆம் தலைமுறை ஐ5 12400. எப் இல்லாதது. 12400எப் எண்டு ஒண்டு மலிவாக் காட்டுவினம், அதில அந்தச் சின்ன கிராபிக்ஸ் இல்லை, குயிக் சிங்க்கும் இல்லை. அந்த ஒரு எழுத்தில தான் உன்ர முழு வேலையும் தொங்குது.

ஏலுமெண்டா 12500 தேடிப்பார். அதுவும் 6 கோர் தான், ஆனா கிராபிக்ஸ் யூஎச்டி 770, கொடெக் எஞ்சின் ரெண்டு. 12400ல யூஎச்டி 730, எஞ்சின் ஒண்டு. மல்ரிகம் (ரெண்டு மூண்டு கமராவை ஒண்டாப் போட்டு) கட் பண்ணேக்க ரெண்டு இருந்தா நல்லது.

சிவப்புக்கட்சி
அண்ணை மரியாதையோட சொல்லுறன், ப்றொக்சி எண்டு ஒரு சாமான் இருக்கு. எல்லாப் பைலையும் இரவு படுக்கப்போகேக்க சின்னதா மாத்த விட்டிட்டு விடிய எழும்பி எடிட் பண்ணினா 5600 எண்டாலும் பறக்கும். கொடெக் கொடெக் எண்டு பயமுறுத்தி இன்டெல் விக்கிறியள்.

றெண்டர்ராசா
நானும் ப்றொக்சி போட்டு வேலை செய்தனான், நல்ல முறை தான், மறுக்கேல்ல. ஆனா கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் ரிசெப்சனுக்கு ஹைலைற் வேணும் எண்டு பொம்பிளை வீட்டுக்காரர் நிக்கேக்க ஒரு இரவை ப்றொக்சிக்குக் குடுக்கிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு செய்தவைக்குத் தான் தெரியும். அதோட ப்றொக்சி செய்யிறதுக்கும் அந்தப் பைலை விரிக்கத்தானே வேணும், அங்கயும் சிபியூ தான் கிடந்து முறியும். கரண்ட் போனா அதுவும் போச்சு.

கேம் மட்டும் எண்டால் நீ சொன்ன 5600ம் 6600ம் நல்ல சோடி, அதில எனக்கு வழக்கில்லை.

பருத்தித்துறைக்காத்து
சும்மா ஒரு யோசினை. சிநேகிதனை லொக் போடாம எடுக்கச் சொன்னா என்ன? ஒரு சதமும் செலவில்லை.

கொக்குவில்பெடி
கேட்டுப் பாத்தன் அண்ணை. அவன் மாட்டானாம். மண்டபத்தில வெள்ளை வேட்டி, அதுக்குப் பக்கத்தில பவுண் நகை, பின்னால எல்ஈடி மணவறை, லொக் இல்லாட்டி வேட்டி வெறும் வெள்ளைக் கடதாசி மாதிரி வரும் எண்டு சொல்லுறான். அவன் சொல்லுறதும் சரி தான், போனமுறை என்ர சொனியில எடுத்ததில மாப்பிள்ளையிண்ட வேட்டிக் கரையே காணேல்ல.

சுன்னாகத்தான்
ஒருத்தரும் புதுக் காட்டைப் பற்றிச் சொல்லேல்லையே? ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில 4:2:2 டிகோட் வந்திட்டுது. 5060 போட்டா ரைசனோ இன்டெலோ எதெண்டாலும் சரி, எச்264 4:2:2 கூட விரிக்கும், 12400இண்ட குயிக் சிங்க் அதைச் செய்யாது. நாளைக்குத் தம்பி சொனி ஏ7 மார்க் 4க்கு மாறி 10 பிற் எச்264ல எடுத்தால் 12400ம் கையை விரிச்சிடும்.

றெண்டர்ராசா
ஓம், சரியான பொயின்ற், நான் அதைச் சொல்லாம விட்டது பிழை. காசு இருந்தா 5060 நல்ல வழி. மார்க் 4 எடுத்தாலும் அதில எச்265ல எழுதுற எக்ஸ்ஏவிசி எச்எஸ் எண்டு ஒரு தெரிவு இருக்கு, அதுக்கு மாத்திவிட்டா குயிக் சிங்க் பாத்துக்கொள்ளும். இப்ப பட்ஜெட் 275க்குள்ள நிக்கிறதால நான் சொல்லுறது 12400, அதோட ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, பாவிச்சது எண்டாலும் பரவாயில்லை. டிகோட் வேலையை இன்டெல் பாக்கும், கலர், எபெக்ற், கடைசி எக்ஸ்போட் எல்லாம் 3060 பாக்கும், 12 ஜிபி இருக்கிறதால 4கே நொய்ஸ் றிடக்சன் போட்டாலும் மெமரி காணாது எண்டு கத்தாது. 1080பியில வலோரன்டும் ஜிடிஏயும் அதுக்குத் தண்ணிபட்ட பாடு.

கடைக்காரர் சொன்ன 1650 வேண்டவே வேண்டாம், 2019ல வந்த காட், 4 ஜிபி. அதைவிட மோசம் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்ரி, அதில வீடியோ என்கோடரே (வீடியோவைச் சுருக்கி எழுதுற பகுதி) இல்லை. மலிவெண்டு ஆரும் தலையில கட்டினா ஓடித் தப்பு.

கொக்குவில்பெடி
நான் டாவின்சி ரிசோல்வ் எண்ட எடிட்டிங் சொவ்ற்வெயருக்கு மாறுவம் எண்டும் யோசிச்சனான், ப்றீ எண்டபடியால். இப்ப பிறீமியர் தான்.

றெண்டர்ராசா
ப்றீ வேர்சனில 4கே யூஎச்டி 60 ப்றேம் வரைக்கும் எக்ஸ்போட் பண்ணலாம், கலியாணவீட்டுக்கு அது தாராளம். ஆனா வின்டோசில எச்265 ஹார்ட்வெயர் டிகோட் முழுசா வேணுமெண்டால் காசு குடுத்து ஸ்ரூடியோ வேர்சன் எடுக்கவேணும், 295 டொலர், ஒருக்காக் கட்டினாக் காணும். டொலர் கணக்குப் பாத்து அழாத. முதல் மெசினைப் பூட்டு, பேந்து அதைப் பற்றிக் கதைப்பம்.

வயர்மேன்
நான் கரண்ட் பக்கம் மட்டும் சொல்லுறன், மற்றதுகள் எனக்குத் தெரியாது. 12400 உச்சத்தில 117 வாட் இழுக்கும், 3060 170 வாட், மற்றச் சாமான் எல்லாம் சேர்த்தாலும் 350ஐத் தாண்டாது. 550 வாட் பவர் சப்ளை, 80 ப்ளஸ் ப்றொன்ஸ் தரச்சான்று, பேர் தெரிஞ்ச கொம்பனி, உண்மையான வரன்ரியோட. ப்றீயா வாற 600ஐ விட இந்த 550 பத்து மடங்கு திறம்.

யூபிஎஸ் (கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கிற பற்றரிப் பெட்டி) இல்லாமப் பூட்டாத. 650 விஏ எண்டு சின்னன் விப்பினம், அது தாங்கிறது 360 வாட் அளவு தான், கேம் ஓடேக்க மொனிற்றரும் சேர்ந்து இழுத்தா "கீ" எண்டு கத்திப்போட்டு நிண்டிடும். 1000 விஏக்கு மேல எடு. பிளக்கில ஏர்த் உண்மையா இருக்கோ எண்டு ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பார், இஞ்ச கன பழைய வீடுகளில மூண்டு ஓட்டை இருக்கும், மூண்டாவதுக்குப் பின்னால வயரே இருக்காது. ஐப்பசி இடிமின்னலுக்குக் கொம்பியூட்டரையும் றவுட்டர் வயரையும் சேர்த்துக் கழட்டோணும், போன வரிசம் எனக்குத் தெரிஞ்ச வீட்டில பிளக்கைக் கழட்டினவை, இன்டர்நெற் வயரைக் கழட்டேல்ல, மதர்போட் அதுக்குள்ளால தான் போனது.

ஒடியல்கூழ்
எங்கட அம்மா மின்னல் எண்டால் ரிவியைக் கழட்டி அதுக்கு மேல துணியும் போர்த்துவா. துணிக்கும் ஏதோ சக்தி இருக்கு, 20 வரிசமா அந்த ரிவி சாகேல்ல.

பருத்தித்துறைக்காத்து
கேசிங்கும் கவனம். முன்னுக்கு முழுக் கண்ணாடி வேண்டாம், மெஷ் வச்சது எடு. கொக்குவில் பக்கம் செம்மண் தூசு, எங்கட பக்கம் உப்புக்காத்து, ரெண்டும் காத்தாடியைத் தின்னும். என்ர பெட்டியை மூண்டு மாசத்துக்கு ஒருக்கா புளோவர் பிடிக்காட்டி கோழிக்கூடு மாதிரிக் கிடக்கும். சீற் போட்ட அறையெண்டால் மத்தியானத்தில றெண்டர் போடாம இரவில போடு.

சுன்னாகத்தான்
ஸ்ரோறேஜைப் பற்றி ஒரு கணக்கு. சொனி 100 எம்பிபிஎஸ் எண்டால் செக்கனுக்கு 12.5 எம்பி, மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கமராவும் அதே அளவு எண்டு வச்சு மொத்தம் 6 மணித்தியாலம் எண்டால் 270 ஜிபி. மூண்டு கலியாணம் கையில இருந்தா 1 டிபி முடிஞ்சுது. கடைக்காரர் தந்த 256 எஸ்எஸ்டியில வின்டோசும் பிறீமியரும் ஜிடிஏயும் போட மிச்சம் ஒண்டும் இராது. 1 டிபி என்விஎம்ஈ (வேகமான எஸ்எஸ்டி) ஒண்டு, அதில சொவ்ற்வெயரும் இப்ப செய்யிற வேலையும். முடிஞ்ச வேலைக்கு 4 டிபி ஹார்ட்டிஸ்க் பேந்து எடுக்கலாம். ஹார்ட்டிஸ்க்கில வச்சு ரெண்டு கமரா மல்ரிகம் கட் பண்ணாத, ஊசி அங்கயும் இஞ்சயும் ஓடி ஓடிக் களைச்சிடும்.

ராம் 8 ஜிபி ரெண்டு குச்சி, ஏலுமெண்டால் 16 ரெண்டு. ஒரே குச்சி வேண்டாம், பாதி வேகம் தான் வரும். மதர்போட் வாங்கேக்க அது டிடிஆர்4 ராமுக்கோ டிடிஆர்5 ராமுக்கோ எண்டு பாத்து வாங்கு, பி660 போட்டில ரெண்டு வகையும் இருக்கு, மாறி எடுத்தா ராம் உள்ளுக்கே போகாது. எச்610 மலிவு தான், ஆனா ராமுக்கு ரெண்டு இடம் தான், என்விஎம்ஈ பூட்டுற எம்.2 இடமும் கனபோட்டில ஒண்டு தான். பி660 எடு.

ஒடியல்கூழ்
13ஆம் 14ஆம் தலைமுறை இன்டெல் சிப்பெல்லாம் பழுதாப் போகுது எண்டு கேள்விப்பட்டன், 12ம் அப்பிடியோ?

றெண்டர்ராசா
இல்லை. 2024ல வந்த அந்த வோல்ற்றேஜ் பிரச்சினை 13, 14இண்ட கூடின சிப்புகளுக்கு. 12க்கு அது இல்லை.

தம்பி, ரவுணில விலை கூடவெண்டால் ஒரு இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போ, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில நாலு கடை ஏறி இறங்கினா விலை பிடிபடும். ஆனா கணக்கைச் சரியாப் போடு, பஸ் காசு, சாப்பாடு, பழுதெண்டால் திரும்பப் போறது. சிபியூ, ராம், எஸ்எஸ்டி எங்க எடுத்தாலும் பிரச்சினை குறைவு, மதர்போட்டும் பவர் சப்ளையும் கிட்டடியில எடு, வரன்ரிக்கு அலையத் தேவையில்லை. பில்லில வற் வரி 18 வீதம் சேர்த்த விலையோ சேர்க்காத விலையோ எண்டு முதலே கேள்.

பாவிச்ச 3060 எடுக்கேக்க ஆளிண்ட வீட்டிலயே பூட்டி அரை மணித்தியாலம் கேம் ஓடவிட்டுப் பார். சூடு, பான் சத்தம், திரையில புள்ளி கோடு ஏதும் வருதோ எண்டு பார். பின்பக்க ஸ்க்றூவில ஸ்ரிக்கர் கிழிஞ்சிருந்தா கேள்வி கேள். "ஒருக்காலும் கிரிப்டோ மைனிங் செய்யேல்ல" எண்டு தானா முந்திச் சொல்லுறவனை நம்பாத.

(9 நாள் கழிச்சு)

கொக்குவில்பெடி
எல்லாருக்கும் நன்றி, பூட்டியாச்சு. 12500 ஒரு கடையிலயும் கிடைக்கேல்ல, 12400 தான் எடுத்தனான். ரவுண் கடையில முதல் எப் ஐத் தான் எடுத்து வச்சவர், "காட் போடுறீர் தானே, பேந்தென்னத்துக்கு" எண்டு கேட்டவர், பெட்டியில எழுத்தைக் காட்டி மாத்தி எடுத்தன். பி660 டிடிஆர்4, 16 ஜிபி ரெண்டு குச்சி, 1 டிபி என்விஎம்ஈ, 550 ப்றொன்ஸ், மெஷ் கேசிங். 3060 நெல்லியடிப் பெடியன் ஒருத்தனிட்ட, வரன்ரி இன்னும் 7 மாசம் இருக்கு. எல்லாம் 268,500, யூபிஎஸ் சேர்க்காம, அது அப்பா வாங்கித் தந்தவர்.

ஆனா ஒரு பிரச்சினை. கனன் பைல் இன்னும் இழுக்குது!! சிபியூ 100 வீதம் நிக்குது. ரெண்டு நாளா நித்திரை இல்லை. சிவப்புக்கட்சி அண்ணை சிரிக்கப்போறார்.

சிவப்புக்கட்சி
நான் ஒண்டும் சொல்லேல்ல. சும்மா கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறன்.

றெண்டர்ராசா
பயப்படாத. ராஸ்க் மனேஜரைத் திற, பெர்போமன்சில ஜிபியூ (கிராபிக்ஸ்) ஒண்டு நிக்குதோ ரெண்டு நிக்குதோ?

கொக்குவில்பெடி
ஒண்டு. என்விடியா மட்டும்.

றெண்டர்ராசா
அதுதான் விசயம். தனிக் காட் பூட்டினவுடன கனபோட்டுகள் உள்ளுக்க இருக்கிற இன்டெல் கிராபிக்சைத் தானா நிப்பாட்டி வைக்கும். பயோசுக்குள்ள (வின்டோசுக்கு முதல் வாற மதர்போட் செற்றிங்) போ, ஐஜிபியூ மல்ரி மொனிற்றர் எண்டு இருக்கும், எனேபிள் பண்ணு. போன கையோட எக்ஸ்எம்பியையும் போட்டு விடு, இல்லாட்டி ராம் குறைஞ்ச வேகத்தில தான் ஓடும். வின்டோசுக்கு வந்து இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரை இன்ஸ்ரோல் பண்ணு. பேந்து பிறீமியரில பிறிபரன்ஸ், மீடியா, அங்க ஹார்ட்வெயர் டிகோடிங்கில இன்டெலுக்கும் என்விடியாவுக்கும் சரி போட்டு பிறீமியரை மூடித் திற. மொனிற்றர் வயர் காட்டிலயே இருக்கட்டும், போட்டில குத்தாத.

(அண்டைக்குப் பின்னேரம்)

கொக்குவில்பெடி
அண்ணை!!! ஓடுது. இப்ப ஜிபியூ ரெண்டு காட்டுது, இன்டெலிண்ட வீடியோ டிகோட் கோடு மேல ஏறுது, சிபியூ 30ல நிக்குது. ரெண்டு கமராவும் பக்கத்தில பக்கத்தில விட்டுக் கட் பண்ணினன், நிக்கேல்ல. அந்தப் பழைய 12 நிமிச ஹைலைற்றைத் திருப்பி எக்ஸ்போட் போட்டன், தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வர முடிஞ்சிட்டுது. அம்மா வந்து "பிழைச்சுப்போச்சோ" எண்டு கேட்டவ, மூண்டு மணித்தியாலம் உர் எண்டு கத்துற பெட்டி தானே அவவுக்குத் தெரியும்.

ஜிடிஏ இன்னும் போடேல்ல. மூண்டு கலியாணம் கிடக்கு.

சிவப்புக்கட்சி
சரி தம்பி, வாழ்த்துகள். ஆனா அடுத்தமுறை சிப் மாத்தவேணுமெண்டால் போட்டும் சேர்த்து மாத்தேக்க என்னை நினை.

ஒடியல்கூழ்
அந்தப் பழைய ஐ5 பெட்டி என்ன விலை? எங்கட அம்மாவிண்ட துணியிருக்கு, போர்த்தி வச்சுப் பாவிப்பன்.